நாவலை நீங்களே பப்ளிஷ் பண்ணியாச்சு, இனி ரீடரையும் ரிவ்யூவையும் எங்க போய் தேடுறது?

புக் லைவ் ஆனதும் எல்லாரும் பண்ற முதல் வேலை லிங்க்கை இருக்குற எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் தட்டிவிடுறதுதான். சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுங்க, கூடப் படிச்சவங்க, அப்புறம் நம்மள மாதிரியே எழுதிட்டு இருக்கற மத்த ரைட்டர்ஸ். ரெண்டு மூணு நாளைக்கு வாழ்த்தா கொட்டும், சேல்ஸ் கிராஃபும் லேசா எழும்பும், அப்புறம் அப்படியே படுத்துரும், ரிவ்யூ இடம் மட்டும் காலியாவே கிடக்கும். இதுல யார் மேலயும் கோவிச்சுக்க ஒண்ணுமில்லங்க. அவங்க உங்க முகத்துக்காக வாங்கினாங்க, அதுல பாதிப்பேருக்கு நாவல் படிக்கிற பழக்கமே கிடையாது. உங்க புக்கை நிஜமா படிக்கப்போற ஆளு உங்களுக்கு அறிமுகமே இல்லாத யாரோ ஒருத்தர், அவரை பிடிக்கிற வழியைத்தான் பாக்கணும்.

தெரிஞ்சவங்க வாங்குறதுல இன்னொரு சிக்கலும் இருக்கு, இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. அமேசான் மாதிரி கடைங்க ஒரு புக்கை வாங்கினவங்க வேற என்னல்லாம் வாங்குறாங்கன்னு பாத்துதான் அதை அடுத்த ஆளுக்கு காட்டுது. உங்க க்ரைம் நாவலை முதல் வாரத்துல வாங்கினது முழுக்க சமையல் புக்கும் ஷேர் மார்க்கெட் புக்கும் வாங்குறவங்கன்னா, இது யாருக்கான புக்குன்னு அந்த சிஸ்டத்துக்கு புரியாம போயிரும். போதாக்குறைக்கு குடும்பத்துக்காரங்க, நெருங்கின ஃப்ரெண்ட்ஸ் எழுதுற ரிவ்யூ அமேசான் ரூல்படி செல்லாது, கண்டுபிடிச்சா தூக்கிருவாங்க. அதனால அவங்ககிட்ட வாங்கச் சொல்லுங்க வேணும்னா, ரிவ்யூ மட்டும் கேக்காதீங்க.

மார்க்கெட்டிங்னு இறங்குறதுக்கு முன்னாடி புக் பேஜை ஒரு தடவை வெளியாள் மாதிரி பாத்துருங்க. உங்க ஜானர்ல நல்லா ஓடிட்டு இருக்கற இருபது புக் கவரை வரிசையா பாருங்க, அதுக்கு நடுவுல உங்க கவரை கட்டைவிரல் நகம் சைஸ்ல வச்சு பாருங்க. டைட்டில் படிக்க முடியுதா? ஹாரரா லவ் ஸ்டோரியான்னு ஒரே பார்வையில தெரியுதா? கவர் வித்தியாசமா இருக்கணும்னு ஆசைப்படுறவங்க இங்கதான் கவுந்துடுறாங்க, ரீடர் தேடுறது தனக்கு ஏற்கனவே பிடிச்ச மாதிரி ஒண்ணைத்தான்.

பின்னட்டை குறிப்புல முழுக்கதையையும் சொல்லாதீங்க. யாரு, அவங்களுக்கு என்ன வேணும், எது தடுக்குது, தோத்தா என்ன போகும், இவ்வளவு போதும், கதையோட முதல் கால்வாசியைத் தாண்டி எதையும் சொல்ல வேண்டாம். "உங்கள் நெஞ்சை உலுக்கும் காவியம்"னு நாமளே எழுதிக்கிறது வேலைக்கு ஆகாது. மொபைல்ல முதல் சில வரிதான் தெரியும், மீதி "ரீட் மோர்"க்கு அடியில ஒளிஞ்சிரும், அதனால வெயிட்டான விஷயம் மேலயே வரணும்.

அடுத்தது சாம்பிள். கிண்டில்ல ஃப்ரீ சாம்பிள்னா பொதுவா புக்கோட முதல் பத்து சதவீதம்தான். நம்மாளுங்க முன்னாடி சமர்ப்பணம், அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரைன்னு அடுக்குறோம்ல, சின்ன புக்னா கதை ஆரம்பிக்கும்போதே சாம்பிள் முடிஞ்சிரும்! அத்தனையையும் தூக்கி பின்னாடி போட்டுட்டு முதல் சாப்டரை முன்னாடி கொண்டுவாங்க. காசு செலவில்லாத வேலை இது, ஆனா பண்றவங்க கம்மி.

அமேசான்ல நாமளே இ-புக் போடுற இடமான கேடிபில ஏழு கீவேர்ட் கட்டம், மூணு கேட்டகரி தருவாங்க. டைட்டில்ல ஏற்கனவே இருக்கற வார்த்தையை கீவேர்டுல திரும்பப் போட்டு இடத்தை வீணாக்காதீங்க, ரீடர் தேடும்போது என்ன டைப் பண்ணுவாரோ அதைப் போடுங்க. கேட்டகரி பொதுவா "ஃபிக்‌ஷன்"னு பெருசா எடுக்காம உள்ள போய் சின்னதா எடுங்க, அங்கதான் மேல வர்றதுக்கு வாய்ப்பிருக்கு.

இப்ப ரிவ்யூவுக்கு வருவோம், இதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேலை. புக் வெளிவர்றதுக்கு ஒரு மாசம், ஒன்றரை மாசம் முன்னாடியே அட்வான்ஸ் காப்பி கொடுக்க ஆரம்பிங்க, ஏஆர்சின்னு சொல்வாங்க. நெட்கேலி, புக்சைரன்ஸ், ஸ்டோரிஆரிஜின் மாதிரி சைட்கள்ல இதுக்குன்னே ரீடர்ஸ் இருக்காங்க. இல்லன்னா உங்க ஜானர் புக்குகளுக்கு குட்ரீட்ஸ்ங்கிற புக் ரிவ்யூ சைட்லயோ இன்ஸ்டாகிராம்லயோ ஏற்கனவே ரிவ்யூ போட்டுட்டு இருக்கறவங்களை தேடி, ஒவ்வொருத்தருக்கா மெசேஜ் பண்ணுங்க. எல்லாருக்கும் ஒரே மெசேஜை காப்பி பேஸ்ட் பண்ணினா வாசனையிலேயே தெரிஞ்சிரும். "நீங்க அந்த நாவல்ல போலீஸ் விசாரணை பகுதி பிடிச்சிருந்ததுன்னு எழுதியிருந்தீங்க, என்னோடதும் ஒரு விசாரணைக் கதைதான், இந்தத் தேதிக்கு வருது, விருப்பம் இருந்தா காப்பி அனுப்புறேன், பிடிக்கலன்னாலும் தாராளமா எழுதலாம்"னு நாலு வரி போதும். பதில் வரலையா, விட்ருங்க, ஒரு தடவை வேணா ஞாபகப்படுத்தலாம், அதுக்கு மேல போனா தொல்லை. அனுப்பினவங்கள்ல பாதிப்பேர் எழுதினாலே பெரிய விஷயம்னு வச்சுக்கங்க, அதனால தேவைக்கு மேலயே அனுப்புங்க.

ஃப்ரீயா காப்பி கொடுக்கறது தப்பே இல்ல. ஆனா "ரிவ்யூ போட்டே ஆகணும்"னு கண்டிஷன் வைக்கக்கூடாது, நல்லா எழுதினா கிஃப்ட் கார்டு தர்றேன்னு சொல்லக்கூடாது. "நீ என்னோடதுக்கு போடு, நான் உன்னோடதுக்கு போடுறேன்"ங்கிற கொடுக்கல் வாங்கலும் கூடாது, ரைட்டர்ஸ் குரூப்ல இது ரொம்ப சகஜமா நடக்குது, மாட்டினா ரிவ்யூவும் போகும், சில சமயம் அக்கவுன்ட்டுக்கே ஆபத்து. காசு கொடுத்தா ஐம்பது ஃபைவ் ஸ்டார் தர்றேன்னு வர்ற மெயிலை டெலீட் பண்ணிருங்க. போலி ரிவ்யூவை விக்கிறதையும் வாங்குறதையும் தடுக்க அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்பைப் பாக்குற எஃப்டிசி அமைப்பு 2024ல தனி விதியே போட்டுருக்கு. கிர்கஸ் இண்டி மாதிரி காசு வாங்கிட்டு விமர்சனம் எழுதுற தொழில்முறை இடங்கள் வேற கதை, அதுல வர்ற வரிகளை அமேசான் எழுத்தாளர்களுக்குன்னு வச்சிருக்கற ஆத்தர் சென்ட்ரல் மூலமா எடிட்டோரியல் ரிவ்யூ பகுதியில போட்டுக்கலாம், கஸ்டமர் ரிவ்யூவுல சேராது. முதல் புக்குக்கு அந்த செலவு தேவையான்னு கேட்டா, என்னைக் கேட்டா தேவையில்ல.

இன்னொண்ணு, அமேசான் டாட் காம்ல ரிவ்யூ எழுதணும்னா அந்த ஆளு கடந்த பன்னிரண்டு மாசத்துல கார்டு மூலமா 50 டாலராவது வாங்கியிருக்கணும்னு ஒரு கண்டிஷன் இருக்கு. ஆசையா படிச்சவரு எழுத முடியாம திரும்பிப்போறது இதனாலதான். குட்ரீட்ஸ்ல அப்படி எதுவும் இல்ல, புக் வர்றதுக்கு முன்னாடியே கூட எழுதலாம், அதனால ஏஆர்சி ஆளுங்களை முதல்ல அங்க அனுப்புங்க.

ஆனா வருஷக்கணக்கா ரிவ்யூ வந்துட்டே இருக்கணும்னா அதுக்கு வழி புக்கோட கடைசிப் பக்கம்தான். கதையோட கடைசி வரி முடிஞ்ச அடுத்த பக்கத்துலயே கேட்டுருங்க, நன்றியுரைக்கும் ஆசிரியர் குறிப்புக்கும் பின்னாடி கேட்டா அதுக்குள்ள புக்கை மூடிருப்பாங்க. "இதுவரை படிச்சதுக்கு நன்றி, ரெண்டு வரி எழுதினீங்கன்னா இந்த மாதிரி கதை தேடுற இன்னொருத்தருக்கு உதவும்"னு போட்டு லிங்க்கையும் வச்சிருங்க. அழுது புலம்பவேண்டாம். எழுத நேரமில்லாதவங்க ஸ்டார் மட்டும் தட்டினாலும் ரேட்டிங்ல சேரும், அதையும் சொல்லிருங்க.

அதே மாதிரி யாராவது மெசேஜ்ல "நைட்டு முழுக்க உக்காந்து முடிச்சேன்"னு எழுதினா ஹார்ட் போட்டு விட்றாதீங்க. நன்றி சொல்லிட்டு, "இதே வரியை அப்படியே அங்க போட முடியுமா"ன்னு லிங்க் கொடுங்க. ஏற்கனவே எழுதிட்டாங்க, இடம் மாத்தினா போதும், கேக்குறதுலயே ஈஸியானது இதுதான்.

மட்டமான ரிவ்யூ வந்தா? பதில் சொல்லாதீங்க, நன்றின்னு கூட வேண்டாம், ஃப்ரெண்ட்ஸை ஏவிவிட்டு சண்டை போடவே வேண்டாம். அது மத்த ரீடருக்காக எழுதினது. ஆனா ஒரே குறை திரும்பத்திரும்ப வந்தா கவனிங்க. "லவ் ஸ்டோரின்னு நினைச்சு வாங்கினேன்"னு மூணு பேர் சொன்னா கதையில கைவைக்காதீங்க, கவரையும் பின்னட்டை குறிப்பையும் மாத்துங்க.

கேடிபி செலக்ட்ல சேரணுமான்னு எல்லாரும் கேக்குறாங்க. இ-புக்கை அமேசானுக்கு மட்டும்னு கொடுக்கற திட்டம் இது, சேர்ந்தா ரீடர்ஸ் சந்தா கட்டி படிக்கிற கிண்டில் அன்லிமிட்டட்ல புக் போகும், 2015ல இருந்து படிச்ச பக்கத்துக்குத்தான் காசு. 90 நாளைக்கு இ-புக் வேற எங்கயும் இருக்கக்கூடாது, பத்து சதவீதம் சாம்பிளா வேணா வைக்கலாம். நாவலை முதல்ல தொடரா ஆன்லைன்ல போட்டுட்டு அப்புறம் புக் ஆக்குறவங்க இங்க கவனமா இருங்க, பழைய அத்தியாயங்களை எடுக்காம சேர்ந்தா சிக்கல். அந்த 90 நாளுக்குள்ள 5 நாள் ஃப்ரீயா கொடுக்கலாம். ஃப்ரீன்னா யார் வேணா அள்ளிட்டுப் போவாங்க, ஹாரரே பிடிக்காதவரு உங்க ஹாரரை எடுத்து ஒரு ஸ்டார் குத்திட்டும் போவாரு. சீரிஸ்ல முதல் புக்கை ஃப்ரீயா விட்டா அடுத்ததை காசு கொடுத்து வாங்க வருவாங்க, ஒரே ஒரு புக் வச்சுக்கிட்டு ஃப்ரீயா விடுறதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

சோஷியல் மீடியா ரீச் இன்னைக்கு இருக்கும் நாளைக்கு போயிரும், ஈமெயில் லிஸ்ட் உங்க கையிலயே இருக்கும். அதே கதை உலகத்துல ஒரு சிறுகதை எழுதி, மெயில் ஐடி கொடுத்தா ஃப்ரீன்னு புக் கடைசியில போடுங்க, கடைசிப் பக்கம் வரை வந்த ஆளுங்க மட்டும்தான் சேருவாங்க, அடுத்த புக்கோட ஏஆர்சி டீம் அவங்கதான். விளம்பரத்துக்கு காசு போடுறதை கொஞ்சம் ரிவ்யூ சேர்ற வரைக்கும் தள்ளிப்போடுங்க, காலிப் பக்கத்துக்கு ஆளைக் கூட்டிட்டு வந்தா பாத்துட்டு திரும்பிப் போயிருவாங்க, க்ளிக்குக்கு காசு மட்டும் போயிருக்கும். போடும்போதும் தினசரி லிமிட்டை சின்னதா வச்சு, ரெண்டு மூணு வாரம் ஓடவிட்டு, எந்த கீவேர்டுல நிஜமாவே வாங்குறாங்கன்னு பாத்து மத்ததை நிறுத்திருங்க.