கடைசிப் பத்து மீட்டர்: அழுத்த நீக்க நோய் வராமல் மேலேறுவது எப்படி?

ஸ்கூபா அடிப்படைப் பயிற்சியை முடித்து, இப்போதுதான் கடலில் இறங்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவிகளை மாட்டுவதையும் காதழுத்தத்தைச் சமன் செய்வதையும் நீங்கள் அறிவீர்கள். விரைந்து மேலேறும்போது, உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகி விளைவிப்பதே அழுத்த நீக்க நோய்.

படி 1: இறங்குமுன்பே ஆழத்துக்கும் நேரத்துக்கும் வரம்பு வகுத்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. இவ்வரம்புகளைக் காட்டும் அச்சிட்ட அட்டவணையைவிட, ஆழத்தையும் நேரத்தையும் அளந்து வரம்பைக் கணக்கிடும் கருவியான டைவ் கம்ப்யூட்டரையே நான் பரிந்துரைப்பேன். ஆயினும் அது உங்கள் களைப்பையோ நீரிழப்பையோ அறியாது என்பதால், அது காட்டும் வரம்பின் விளிம்புவரை செல்லாதீர்கள்.

படி 2: நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறுங்கள். ஆழத்தில் நிதானமாக ஏறும் பலர், மேற்பரப்பின் வெளிச்சம் தெரிந்ததும் விரைந்துவிடுகிறார்கள். இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். 40 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு வரும்போது அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கே குறைகிறது. கடைசி 10 மீட்டரிலோ அது பாதியாகிவிடுகிறது. அந்த வேகத்தில், கரைந்த நைட்ரஜன் நுரையீரல் வழியே வெளியேற அவகாசமின்றித் திசுக்களிலும் நாளங்களிலும் குமிழ்களாகிறது. ஆகவே 5 மீட்டர் ஆழத்தில் 3 முதல் 5 நிமிடம் நில்லுங்கள். அதன்பின் எஞ்சிய தொலைவைக் கடக்க ஒரு முழு நிமிடம் எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

படி 3: அடுத்த 24 மணி நேரம் உடலைக் கவனியுங்கள். தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் ஆழ்ந்த வலி, தோலில் அரிப்பும் திட்டுகளும், வழக்கத்துக்கு மீறிய களைப்பு ஆகியவை அறிகுறிகள். தண்டுவடம் பாதிக்கப்பட்டால் கால்கள் மரத்துத் தளரும், சிறுநீர் கழிப்பதும் தடைப்படலாம். உட்காது பாதிக்கப்பட்டால் தலை சுற்றும். சிலிண்டர் தூக்கியதால் வந்த தோள்வலி என்று எண்ணி மருத்துவரிடம் செல்லத் தாமதிப்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் எச்சரிக்கவில்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

படி 4: ஐயம் எழுந்தவுடன் படுக்கவைத்து, 100% ஆக்சிஜன் கொடுத்து, மருத்துவ உதவியை அழையுங்கள். ஆக்சிஜனால் வலி தணிந்தாலும் உயர் அழுத்த அறைச் சிகிச்சை (அழுத்தம் கூட்டிய மூடிய அறையில் ஆக்சிஜன் சுவாசிக்கச் செய்வது) தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

பிற்சேர்க்கை: மீண்டும் நீருக்குள் இறங்கினால் குமிழ்கள் கரையாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவ்வாறு செய்யாதீர்கள், கைகால் தளர்ந்தவரோ நினைவிழந்தவரோ அங்கே மூழ்கிவிடக்கூடும். விமானப் பயணம் பற்றியும் கேட்டார்கள்: வரம்புக்குட்பட்ட ஒரு மூழ்கலுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல மூழ்கல்களுக்குப் பின் 18 மணி நேரமும் காத்திருங்கள். அறிகுறி ஏதேனும் இருந்தால், மருத்துவர் அனுமதிக்கும்வரை விமானம் ஏறவே கூடாது.