முதலை உள்ள ஆற்றில் படித்துறைக்கு வேலி போடுவது எப்படி?

சிதம்பரம் பக்கம், பழைய கொள்ளிடக் கரையில் எங்கள் ஊர். ஆற்றில் முதலை கிடப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிராமசபை கூடினால் "பிடித்துக்கொண்டு போங்கள்" என்றுதான் முதல் குரல் எழும். குளத்துக்கோ தெருவுக்கோ வந்துவிட்ட முதலையை வனத்துறை பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுகிறது. அதற்கு அதுதான் வழி. ஆற்றில் கிடப்பதைப் பிடித்தால் மட்டும் பயம் தீராது. நல்ல மடு காலியாகக் கிடக்காது, இன்னொன்று வந்து சேரும். அதனால் முதலில் படித்துறையைக் கவனியுங்கள்.

இலங்கையின் நில்வளா ஆற்றிலும் ஒடிசாவின் பித்தர்கனிகா ஊர்களிலும் குளிக்கும் இடத்தைச் சுற்றி வேலி அடைத்திருக்கிறார்கள். அங்கே இருப்பது உவர்நீர் முதலை, நம் சதுப்பு முதலையைவிடப் பெரியது.

சவுக்குக் கழி வேண்டாம், வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். இரும்புக் குழாய்களை ஆற்றடி மண்ணில் ஆழமாக இறக்கி, மூன்று பக்கமும் கெட்டியான கம்பிவலை கட்டுங்கள். வலையின் அடி மண்ணுக்குள் புதைய வேண்டும். இரண்டு முனையும் கரைமேல், தண்ணீர் ஏறும் மட்டத்தைத் தாண்டி வர வேண்டும். இல்லாவிட்டால் முதலை கரையோரமாகச் சுற்றி உள்ளே வந்துவிடும்.

கட்டியதோடு வேலை முடியாது. வெள்ளம் வடிந்ததும் கரையில் நின்றபடியே நீள மூங்கிலால் வலையோரம் முழுக்கக் குத்திப் பாருங்கள். நீரோட்டம் அரித்த இடத்தில் மூங்கில் சட்டென்று உள்ளே போகும். அங்கே மணல் மூட்டை இறக்குங்கள். ஆகாயத்தாமரை வலையில் சேர்ந்து அழுத்தினால் குழாய் சாயும், அவ்வப்போது இழுத்துப் போடுங்கள். உள்ளே முதலை சிக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் இறக்காதீர்கள்.

கோழிக்கடைக் கழிவு, செத்த கன்று எதையும் ஆற்றில் போடக் கூடாது. படித்துறைக்கே முதலையை அழைக்கும் பழக்கம் அது. பொழுது சாய்ந்தபின் வேலிக்கு வெளியே தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.

மாசி முதல் சித்திரை வரை கரைமணலில் குழி தோண்டி முட்டையிடும். தாய் பக்கத்திலேயே காவல் கிடக்கும். ஆடு மேய்ப்பவர்களுக்கு அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள். முட்டையைத் தொடுவதும் முதலையை அடிப்பதும் 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

அப்புறம் தீர்மானம். "முதலையை அகற்றுக" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எந்தப் படித்துறைக்கு வேலி, எந்தத் தெருவுக்குக் குளியலறை, எங்கே மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி என்று இடத்தின் பெயரோடு எழுதி, வனச்சரகர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள்.