பக்கத்து பிளாட்டில் டைல்ஸ் வேலை நடக்கிறதா? தூசி வராமலிருக்கக் கதவடியில் ஈரத் துவர்த்து

பழைய துவர்த்து (துண்டு) ஒன்றை நனைத்து, நன்றாகப் பிழிந்து, சுருட்டி முன்வாசல் கதவின் அடி இடுக்கில் வைத்துவிடுங்கள். கூடவே சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துங்கள். பலரும் மறப்பது இந்த இரண்டாவதைத்தான்.

ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டால், வெளியே போகும் காற்றுக்கு ஈடாகப் படிக்கட்டுப் பக்கத்துக் காற்று கதவிடுக்கு வழியாகத்தான் உள்ளே வரும். அங்கே மிதக்கும் டைல்ஸ் தூளும் அதோடு வந்துவிடும். காய்ந்த துணி தூசியைப் பிடித்தாலும் ஒரு உதறலில் விட்டுவிடும், ஈரத்துணி விடாது. மதியத்துக்குள் காய்ந்துவிடும், மறுபடி நனைத்து வையுங்கள்.

வீட்டுக்குள் படிந்ததை வாரியலால் பெருக்காதீர்கள். மெல்லிய தூள் மேலே கிளம்பி மறுபடி மேசையிலும் கட்டிலிலும் வந்து இறங்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மரக்கதவு என்றால் சொட்டச் சொட்ட வைக்க வேண்டாம், அடிப்பக்கம் ஊதிவிடும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கிற காற்றுக்கு இது மட்டும் போதாது. தூசி வரும் பக்கத்து ஜன்னல்களையும் அடைத்தாக வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் துணியை நம்பி இருக்காதீர்கள். உடைக்கும் நாளில் அவர்களைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம், டைல்ஸ் அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், பாதித் தூசி அங்கேயே அடங்கிவிடும்.