எம்.பி. வேட்பாளர்களை ஒப்பிடுவது எப்படி? பிரமாணப் பத்திரத்தில் இருந்து தொடங்குவோம்

மக்களவைத் தேர்தல் வந்துவிட்டால் எல்லா வேட்பாளர்களும் ஏறக்குறைய ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். குடிநீர் வரும், வேலை வரும், எக்ஸ்பிரஸ் ரயில் நம் ஊரில் நிற்கும். பிரசார வேனில் நின்று சொன்ன வாக்குறுதிக்காக யாரும் யார் மேலும் வழக்குப் போட முடியாது. ஆனால் வேட்புமனுவோடு சேர்த்து, சத்தியம் செய்து கையெழுத்திட்டுக் கொடுக்கும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் அப்படி இல்லை. அதில் தெரிந்தே பொய் சொன்னாலோ தகவலை மறைத்தாலோ, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 125ஏ-வின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதனால் வேட்பாளரைப் பற்றி எதை எடுத்துப் பேசினாலும் முதலில் இந்தக் காகிதத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு விவரங்களைத் தெரிந்துகொள்ளும் இந்த உரிமை நமக்குச் சும்மா வரவில்லை. ஜனநாயக சீர்திருத்தச் சங்கம் தொடுத்த வழக்கில் இவற்றை வேட்பாளர்கள் வெளியிட்டாக வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதை நீர்த்துப்போகச் செய்யும் சட்டத் திருத்தம் வந்தது. 2003இல் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையும் ரத்து செய்தது. பல வேட்பாளர்கள் கட்டங்களைக் காலியாக விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காலியாக விடக் கூடாது, ‘இல்லை’ அல்லது ‘பொருந்தாது’ என்றாவது எழுத வேண்டும் என்று 2013இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

சரி, வேலையைத் தொடங்குவோம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எக்செல் தெரிந்தால் இன்னும் வசதி.

படி 1: எம்.பி.யின் வேலை எது என்று எழுதிக்கொள்ளுங்கள்

தெருவிளக்கு, சாக்கடை, குப்பை எல்லாம் உள்ளாட்சி. அரசுப் பேருந்து, காவல் நிலையம், ரேஷன் கடை மாநில அரசு. ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை, பாஸ்போர்ட், தபால், வருங்கால வைப்பு நிதி, விமான நிலையம் மத்திய அரசு. நாட்டுக்கான சட்டங்களையும் பட்ஜெட்டையும் விவாதித்து ஓட்டுப் போடுவதுதான் எம்.பி.யின் முதல் வேலை. அதிலும் கட்சிக் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போகலாம். எனவே ‘கட்சியைப் பார்க்க மாட்டேன், ஆளைத்தான் பார்ப்பேன்’ என்பது கேட்க நன்றாக இருந்தாலும் மக்களவைத் தேர்தலுக்கு அது பாதிக் கணக்குதான். ஆளுக்கு ஒரு பக்கம், கட்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

எம்.பி.யின் வேலையை எழுதிய முதல் பக்கத்தின் கீழேயே உங்களுக்கு முக்கியமான நான்கைந்து விஷயங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்பெண் என்று இப்போதே போட்டுவிடுங்கள். பெயர்களைப் பார்த்த பிறகு போட்டால், பிடித்த ஆளுக்குத் தோதாக மதிப்பெண் தானாக வளையும்.

படி 2: யார் யாரை ஒப்பிடுவது?

2024இல் கரூர் தொகுதியில் மட்டும் 54 பேர் போட்டியிட்டார்கள். ஐம்பத்துநான்கு பேரின் பிரமாணப் பத்திரத்தையும் படிக்கச் சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள். மனு வாபஸ் பெறும் நாள் முடிந்து இறுதிப் பட்டியல் வரும்வரை பொறுத்திருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால் மாற்று வேட்பாளர்களும் தள்ளுபடியானவர்களும் கலந்து கிடப்பார்கள். பிறகு பெரிய கூட்டணிகளின் வேட்பாளர்களோடு, உங்கள் பகுதியில் உண்மையாகவே வேலை செய்து பெயர் வாங்கிய ஒரு சுயேச்சை இருந்தால் அவரையும் சேர்த்து, நாலைந்து பேராகச் சுருக்குங்கள்.

ஒரே பெயரில் பலர் நிற்பதும் உண்டு. 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். தகப்பனார் பெயர், சின்னம், புகைப்படம் மூன்றையும் சரிபார்த்துவிட்டு மேலே போங்கள்.

படி 3: பத்திரத்தை எடுப்பது

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வேட்பாளர் பிரமாணப் பத்திரங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. தேர்தல், மாநிலம், தொகுதி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வரும். நிலை என்ற இடத்தில் ‘போட்டியிடுபவர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பார்ப்பவர்களுக்கு 2024 தேர்தலில் ஆணையத்தின் ‘கேஒய்சி’ (உங்கள் வேட்பாளரை அறியுங்கள்) செயலி இருந்தது. ஒரே வேட்பாளர் நான்கு செட் மனு வரை தாக்கல் செய்யலாம் என்பதால் ஒரே பத்திரம் பலமுறை தென்படும். குழம்ப வேண்டாம்.

ஸ்கேன் செய்த பக்கங்கள் சில சமயம் தலைகீழாக இருக்கும், கையெழுத்து கோழி கிளறியது போலவும் இருக்கும். அந்தச் சமயத்தில் ‘மைநேதா’ தளம் கைகொடுக்கும். அதே ஜனநாயக சீர்திருத்தச் சங்கம்தான் இதையும் நடத்துகிறது, பத்திரத்தில் உள்ளதைச் சுருக்கிப் போடுகிறார்கள். ஆனால் ஏதாவது ஒரு எண் கண்ணை உறுத்தினால் மூலப் பத்திரத்துக்கே திரும்பிப் போங்கள். வாட்ஸ்அப்பில் வரும் சொத்துப் பட்டியலையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும்.

அவசரமாக இருந்தால் பத்திரத்தின் கடைசியில் ‘பகுதி ஆ’ என்ற சுருக்கம் இருக்கும். ஆனால் சுவாரஸ்யமான சங்கதிகள் எல்லாம் பகுதி அ-வில்தான்.

படி 4: வழக்குகளை எண்ணாதீர்கள், படியுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ‘இவர் மேல் ஒன்பது வழக்கு, அவர் மேல் ஒன்றே ஒன்று’ என்று செய்தி வரும். பத்திரத்தைத் திறந்து பார்த்தால் கதை வேறாக இருக்கலாம். ஒரு கற்பனை உதாரணம். முதல் வேட்பாளரின் ஒன்பது வழக்குகளிலும் இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள் 143, 188, 341. சட்டவிரோதமாகக் கூடியது, அரசு அலுவலரின் உத்தரவை மீறியது, வழிமறித்தது. அதாவது அனுமதி வாங்காமல் மறியல் செய்திருக்கிறார். இரண்டாமவரின் ஒரே வழக்கில் 406, 420. நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல். கூடவே ‘குற்றச்சாட்டு வனையப்பட்டதா’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று தேதியோடு இருக்கிறது.

அந்தக் கட்டம் மிக முக்கியம். முதல் தகவல் அறிக்கை யார் மேல் வேண்டுமானாலும் பதிவாகலாம். குற்றச்சாட்டு வனையப்பட்டது என்றால், வழக்கு நடத்தும் அளவுக்கு முகாந்திரம் இருக்கிறது என்று ஒரு நீதிபதி பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்று பொருள். குற்றவாளி என்று அர்த்தமில்லை. ஆனால் வெறும் புகார் என்ற நிலையையும் தாண்டிவிட்டது. மறியல் வழக்கு என்றாலே தியாகம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நடுவில் 353 (அரசு ஊழியரைத் தாக்குதல்) அல்லது 506 (குற்ற மிரட்டல்) ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய எண்களே தொடரும், பிறகு நடந்தவற்றுக்குப் புதிய எண்கள். ஒரே பத்திரத்தில் இரண்டும் கலந்து வரும். கொலை 302, புதிய சட்டத்தில் 103. கொலை முயற்சி 307, இப்போது 109. பாலியல் வல்லுறவுக்கான தண்டனை 376, இப்போது 64. ஏமாற்றுதல் 420, இப்போது 318. இந்த நான்கை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வழக்கு உள்ள ஒருவரைக் கட்சி நிறுத்தினால், அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் நாளிதழிலும் சமூக வலைத்தளத்திலும் காரணம் சொல்ல வேண்டும். ‘ஜெயிக்கும் வாய்ப்பு உள்ளவர்’ என்பது மட்டும் காரணமாகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விளக்கங்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘சிறந்த சமூக சேவகர், மக்களின் அன்பைப் பெற்றவர்’ என்ற ஒரே வரியைத் தொகுதி தொகுதியாகப் போட்டிருந்தால், கட்சி இதை எவ்வளவு அக்கறையோடு எடுத்துக்கொள்கிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

படி 5: சொத்துக் கணக்கு

மொத்தத் தொகையை வைத்து ‘கோடீஸ்வரர்’, ‘ஏழை’ என்று பிரிப்பதால் ஒன்றும் தெரியாது. பார்க்க வேண்டியது மாற்றம். ஏற்கனவே ஒருமுறை நின்றவர் என்றால் பழைய பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

இதுவும் கற்பனைக் கணக்குதான். 2019இல் சொத்து 80 லட்சம், 2024இல் 2 கோடியே 10 லட்சம். ‘ஐந்து வருடத்தில் இரண்டரை மடங்கு!’ என்று தலைப்புச் செய்தி போடலாம். உள்ளே போய்ப் பாருங்கள். மூன்று ஏக்கர் புஞ்சை நிலம் அதேதான், மதிப்பு மட்டும் 30 லட்சத்தில் இருந்து 90 லட்சம். நகை அன்றும் 50 பவுன், இன்றும் 50 பவுன், விலை ஏறியதில் சுமார் 15 லட்சம் கூடுதல். 2022இல் 55 லட்சத்துக்கு ஒரு வீடு. கடன் பகுதியைப் புரட்டினால் அந்த வீட்டுக்கு 40 லட்சம் வங்கிக் கடன் பாக்கி. ஆக, அவர் கையில் இருந்து உண்மையில் போட்ட பணம் வீட்டுக்கான 15 லட்சமும் இதுவரை கட்டிய வட்டியும்தான். வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 8 லட்சம் காட்டியிருந்தால் கணக்கு இடிக்கவில்லை.

இதையே திருப்பிப் போடுங்கள். மொத்தத் தொகை பெரிதாக மாறவில்லை, ஆனால் மனைவி பெயரில் புதிதாக வணிக வளாகம், கடன் எதுவும் இல்லை, இருவரின் ஆண்டு வருமானமும் சேர்ந்து 5 லட்சம். இங்கேதான் பேனாவை எடுத்துக் கேள்விக்குறி போட வேண்டும். வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர் என்று தனித்தனிக் கட்டங்கள் இருப்பதே இதற்காகத்தான். அசையா சொத்துகளில் வாங்கிய தேதியும் அன்றைய விலையும் இருக்கும், அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். அரசு நிறுவனங்களோடு உள்ள ஒப்பந்தங்களையும் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு சொல்லியாக வேண்டும். சாலை காண்டிராக்ட் எடுக்கும் குடும்பமா என்று அங்கே தெரியும்.

படி 6: படிப்பு, தொழில்

இரண்டு நிமிடம் போதும். என்ன பட்டம் என்பதைவிட, பிழைப்புக்கு என்ன செய்கிறார் என்பதே எனக்கு அதிகம் சொல்கிறது.

படி 7: ஏற்கனவே எம்.பி.யாக இருந்தவரா?

பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பின் தளத்தில் ஒவ்வொரு எம்.பி.யின் வருகை, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் எல்லாம் இருக்கும். தேசிய சராசரியும் பக்கத்திலேயே இருக்கும். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. அமைச்சராக இருந்தவரை இந்த அளவுகோலால் அளந்து ‘ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை’ என்று மீம் போட்டால் அது உங்கள் அறியாமையைத்தான் காட்டும். எண்ணிக்கையோடு நிற்காமல் ஒரு பத்து கேள்விகளையாவது திறந்து படியுங்கள். தொகுதியின் ரயில் பாதை, நெசவாளர், மீனவர் பற்றிக் கேட்டாரா, அல்லது எண்ணிக்கையைக் கூட்டக் கேட்டாரா என்று சட்டென்று தெரியும்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. எம்.பி. பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செலவிடும். தாமதம் யார் பக்கம் என்று பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள். கொரோனாவால் 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்ட நிதி 2021 நவம்பரில்தான் திரும்ப வந்தது என்பதால் 2019–24 காலத்துக்கு முழு 25 கோடியை வைத்துக் கணக்குப் போட முடியாது.

புதுமுகம் என்றால் இந்தப் படியில் எழுத ஒன்றும் இருக்காது. கட்டத்தைக் காலியாக விடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். எம்.எல்.ஏ.வாகவோ ஊராட்சித் தலைவராகவோ இருந்திருந்தால் அந்தக் காலத்தை விசாரித்து எழுதலாம்.

படி 8: வாக்குறுதிகளைச் சல்லடை போடுவது

துண்டுப் பிரசுரத்தில் உள்ள ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் ‘ம’, ‘மா’, ‘உ’ என்று குறியுங்கள். மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி. ‘மா’வும் ‘உ’வும் நிறைந்த பிரசுரத்தை அச்சடித்தவர் எந்தத் தேர்தலில் நிற்கிறார் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ‘ம’ குறி பெற்றவற்றை மட்டும் கட்சியின் தேர்தல் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். வேட்பாளர் சொல்வது அதில் இல்லையென்றால், தெருவுக்கு வரும்போது கேட்கலாம்: ‘அண்ணே, இது உங்க அறிக்கையில இல்லையே?’ பதிலைவிட, அவர் அந்தக் கேள்வியை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

படி 9: கூட்டிப் பார்த்து, வாக்குச்சாவடிக்கு

முதல் பக்கத்தில் போட்ட மதிப்பெண்களை இப்போது எடுத்துக் கூட்டுங்கள். இரண்டு பேர் கிட்டத்தட்டச் சமமாக வந்தால் கட்சிப் பக்கம் தீர்மானிக்கட்டும். யாருமே தேறவில்லை என்றால் கடைசிப் பொத்தான் நோட்டா. அது அதிக ஓட்டு வாங்கினாலும் வேட்பாளர்களில் முதலிடம் பெற்றவர்தான் வெற்றி பெறுவார் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு அழுத்துங்கள்.

போனை உள்ளே கொண்டுபோக முடியாது. அதனால் வரிசை எண்ணையும் சின்னத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலிலும், பதிவு பெற்ற மற்ற கட்சிகள் அடுத்தும், சுயேச்சைகள் கடைசியிலும், ஒவ்வொரு பிரிவும் அகர வரிசையிலும் இருக்கும். பொத்தானை அழுத்தியதும் பக்கத்தில் இருக்கும் விவிபாட் கண்ணாடிக்குள் ஏழு விநாடி ஒரு சீட்டு தெரியும். எண், பெயர், சின்னம் மூன்றும் நீங்கள் நினைத்ததுதானா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.