ஒரே பக்கத்தில் இரண்டு வெர்ஷன்: கொம்போனன்ட் லைப்ரரி கட்டுவோர் விடும் பிழைகள்

யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ்ஸுக்கு ஆசனம் பதிவு செய்யும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். தேடல் பகுதியை யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் இருக்கும் ஓர் அணி எழுதுகிறது, கட்டணப் பகுதியைக் கொழும்பில் இன்னோர் அணி எழுதுகிறது. இரண்டும் தனித்தனியாக வெளியாகி, பயணியின் பிரவுசரில் ஒரே திரையாகச் சேர்கின்றன. மைக்ரோ ஃப்ரண்ட்எண்ட் என்பது இதுதான். இரு அணிக்கும் பொதுவான பட்டன், திகதித் தெரிவு, படிவப் பெட்டிகளை ஒரு கொம்போனன்ட் லைப்ரரியாகச் சேர்த்து, எவரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸாக வெளியிடுவோம் என்று பெடியள் இறங்குவது நல்ல விஷயம். ஆனால் சாதாரண லைப்ரரி எழுதிய பழக்கத்தோடு இறங்கினால் அடி விழும். தேடல் அணி லைப்ரரியின் 2.3 வெர்ஷனில் நிற்கும், கட்டண அணி 1.9 இல் நிற்கும், இரண்டும் ஒரே பக்கத்தில் ஓடும். எல்லோரும் ஒரே நாளில் மாறுங்கள் என்று சொல்ல வேண்டிவந்தால், தளத்தைப் பிரித்ததற்கே அர்த்தம் இல்லை.

அதிகம் காணும் பிழை, திரையை வரையும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்டை, உங்கள் லைப்ரரி தன்னோடு இழுத்துவரும் சொந்த டிபெண்டன்சியாகப் போடுவது. அப்படிப் போட்டால் இரண்டாவது ரியாக்ட் பிரதி உள்ளே வந்துவிடலாம். தேடல் பகுதி தன் ரியாக்டால் திரையை வரையும், உங்கள் பட்டனோ வேறொரு ரியாக்டிடம் ஹூக் (ஸ்டேட் போன்றவற்றுக்கு ரியாக்ட் தரும் ஃபங்ஷன்) கேட்கும். உடனே 'இன்வாலிட் ஹூக் கோல்' என்று விழும். கோட்டை எத்தனை தரம் பார்த்தாலும் பிழை தெரியாது, கோட் சரியாகத்தானே இருக்கிறது. ரியாக்டைப் பியர் டிபெண்டன்சியாக, அதாவது பாவிப்பவரே கொண்டுவர வேண்டியதாக வையுங்கள், வெளியிடும் கோப்பான பண்டிலுக்குள் சேர்க்காதீர்கள். தனித்தனியாக வெளியான பகுதிகளைப் பிரவுசரில் சேர்க்க, பண்டில் கட்டும் கருவியான வெப்பேக் 5 உடன் 2020 இல் வந்த மொட்யூல் ஃபெடரேஷனைப் பாவிப்போருக்கு, ரியாக்ட், ரியாக்ட் டொம் இரண்டையும் சிங்கிள்டனாக (பக்கத்துக்கு ஒரே பிரதி) குறிக்கும்படி ரீட்மீயில் எழுதிவிடுங்கள்.

சரி, அதே சூட்டோடு லைப்ரரியையும் சிங்கிள்டன் ஆக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வழமையாக அதில் உயர்ந்த வெர்ஷன்தான் வெல்லும். 1.9 ஐ வைத்துச் சோதித்த கட்டண அணிக்கு, பயணியின் போனில் 2.3 கிடைக்கும். கடுமையான வெர்ஷன் சோதனையைத் தனியாகப் போடாவிட்டால் கொன்சோலில் ஓர் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். அதை யார் பார்க்கிறார்கள்? சில கிலோபைட் மிச்சம் பிடிக்கப் போய் இந்தத் தலையிடி தேவையில்லை.

'ரியாக்டே வேண்டாம், வெப் கொம்போனன்டில் எழுதுவோம்' என்போரும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். வெப் கொம்போனன்ட் என்பது பிரவுசரே தரும் வசதி. அதில் நாம் உருவாக்கும் புது டேக்கான கஸ்டம் எலிமென்டின் பெயர் பக்கம் முழுவதற்கும் பொது, அதே பெயரை இரண்டாம் முறை பதிந்தால் பிரவுசர் எரர் எறியும். ஏற்கெனவே பதிந்திருந்தால் விட்டுவிடு என்று எழுதினால் எரர் போய்விடும், ஆனால் முதலில் இறங்கிய வெர்ஷனே நிலைக்கும். எது முதலில் இறங்கும் என்பது சிக்னலைப் பொறுத்தது. உங்கள் மேசையில் ஒழுங்காக ஓடியது ஊர்காவற்துறையில் ஒரு போனில் மட்டும் குழம்பும். ஆகவே இம்போர்ட் செய்தவுடன் தானாகப் பதியவிடாமல், கிளாஸை மட்டும் கொடுத்து, பெயரை லைப்ரரியைப் பாவிப்பவரே வைக்க விடுங்கள்.

கொம்போனன்டின் உட்பகுதியைப் பக்கத்தில் இருந்து பிரித்துவைக்கும் ஷாடோ டொம் போட்டால், தோற்ற விதிகளான சிஎஸ்எஸ் மோதாது என்பது பாதி உண்மை. சிஎஸ்எஸ் வேரியபிள்கள் அதையும் தாண்டி உள்ளே போகும், அதனால் அவற்றின் பெயருக்கு லைப்ரரியின் முன்னொட்டு கட்டாயம். மறுபக்கம், ஷாடோ டொமுக்குள் எழுத்துருவை ஏற்றும் ஃபொன்ட் ஃபேஸ் விதியை எழுதினால் அது வேலை செய்யாது. தமிழ் எழுத்துருவைப் பிரதான பக்கத்திலேயே ஏற்ற வேண்டும்.

எங்கள் நாட்டில் மும்மொழித் தளம் வழமை, ஆனால் லைப்ரரியின் டெமோ பக்கம் முழுக்க ஆங்கிலம். 'யாழ்ப்பாணம்' என்பதில் கண்ணுக்கு ஆறு எழுத்து, புள்ளி, துணைக்கால் எல்லாவற்றையும் தனியாக எண்ணும் ஜாவாஸ்கிரிப்டின் லெங்த்துக்கோ 11. நீளமான ஊர்ப்பெயரைச் சுருக்க மூன்றில் வெட்டினால் புள்ளி போய் 'யாழ' என்று நிற்கும். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்ட்ல் செக்மென்டரால் எழுத்து எழுத்தாகப் பிரித்து வெட்டுங்கள்.

தேசிய அடையாள அட்டை இலக்கப் பெட்டியை லைப்ரரிக்குள் வைக்கும் ஆசையும் வரும். பழையதில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் 12 இலக்கம். இப்படி வெளியே மாறும் விதிகளைத் தனிப் பேக்கேஜில் வைப்பது நல்லது. விதி மாறும் நாளில் பட்டனையும் சேர்த்து ஏற்ற வேண்டியிராது.

கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்துவிட்டால் அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. லைசன்ஸ் கோப்பு இல்லையென்றால் முழு உரிமையும் எழுதியவரிடமே இருக்கும். எம்ஐடி அல்லது அப்பாச்சி 2.0 போட்டுவிடுங்கள், வேலைநேரத்தில் எழுதியது என்றால் கொம்பனியிடம் முதலே கதைத்துவிடுங்கள். பிழையான வெர்ஷன் வெளியானால் பேக்கேஜ் களஞ்சியமான என்பிஎம்மில் இருந்து அழிக்க ஓடாமல் டெப்ரிகேட் (பாவிக்க வேண்டாம் என்று குறிப்பது) செய்யுங்கள். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற குட்டிப் பேக்கேஜை அழித்ததில் உலகம் முழுக்கப் பல பில்ட்கள் விழுந்தன.

அப்புறம் சோதனை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னர், கடைசி இரண்டு பெரிய வெர்ஷன்களையும் ஒரே எச்டிஎம்எல் பக்கத்தில் ஏற்றி, ஏற்றும் வரிசையை மாற்றியும் ஒருமுறை ஓட்டுங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு.