மசாலா ஆறட்டும்: அடைத்த காய்ச் சிற்றுண்டியில் தவிர்க்க வேண்டியவை

வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் சாயங்காலத்துக்கு அடைத்த பஜ்ஜி மிளகாய், காளான், வெள்ளரிக் கிண்ணம் என்று மூன்று தட்டு வைப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் புதிதாகச் செய்பவர்களின் சமையலறையில் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆறு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஐந்தரைக்குத்தான் மசாலா அடுப்பைவிட்டு இறங்கும். விரலை ஊதி ஊதி, ஆவி பறக்கும் மசாலாவை ஒருவர் மிளகாய்க்குள் திணித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் எண்ணெய் காயும். கொஞ்ச நேரத்தில் மாவுக்கூடு ஒரு பக்கம், மிளகாய் ஒரு பக்கம் என்று எண்ணெயில் மிதக்கும். மசாலா அடியில் கிடந்து கருகும்.

உப்பு பார்க்க மறப்பது, மாவு கட்டி தட்டுவது போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை பட்டால் அடுத்த முறை தானாகவே சரியாகிவிடும். எத்தனை முறை செய்தாலும் ஏன் கெடுகிறது என்று பிடிபடாதவைதான் கீழே.

பெரிய குடைமிளகாயை அடைப்பது

அது சாப்பாட்டுத் தட்டுக்கு. நின்றுகொண்டு பேசியபடி தின்பவருக்கு இரண்டு கடியில் முடிய வேண்டும்.

மிளகாயைக் கண்ட பக்கம் கீறுவது

பஜ்ஜி மிளகாய் வாங்கும்போதே நேரானதாக, சதை தடித்ததாகப் பார்த்து எடுங்கள். முறுக்கிக்கொண்டு வளர்ந்ததைக் கீறினால் கத்தி பாதியில் பக்கவாட்டில் ஓடிவிடும். மிளகாயைப் பலகையில் விட்டால் அது எப்படிப் படுக்கிறதோ அப்படியே விட்டு, மேல்பக்கம் பார்க்கும் முதுகில் கீறுங்கள். அடைத்த பிறகும் வாய் மேலே பார்த்தபடி நிற்கும். இரண்டு முனையிலும் ஒரு விரற்கடை விட்டுக் கீற வேண்டும். காம்புவரை கீறியது எண்ணெயில் இரண்டாகப் பிளக்கும்.

காரம் விதையில் இருப்பதாக நினைத்து விதையை மட்டும் தட்டிவிட்டு நிறுத்துகிறார்கள். காரம் உற்பத்தியாவது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில். சிறு கரண்டியின் காம்பால் அதை வழித்தெடுத்தால்தான் குழந்தைகளும் தொடலாம். வேலை தொடங்கும் முன் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் எண்ணெய் போகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காரச்சத்து எண்ணெயில் கரையும், வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது.

சூடான மசாலாவை அடைப்பது

எண்ணெயையும் இரண்டு மணி நேர உழைப்பையும் சேர்த்துக் குப்பையில் கொட்டவைக்கும் தவறு இதுதான். எரிச்சலூட்டுவதும் இதுதான், ஏனென்றால் இதைத் தவிர்க்கக் காசு செலவில்லை. ஒரு அகலத் தட்டும் இருபத்தைந்து நிமிடமும் போதும். "மசாலாவை இறக்கி மிளகாயில் அடைக்கவும்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிற செய்முறைகளில் அந்த இருபத்தைந்து நிமிடம் காணாமல் போய்விடுகிறது.

உருளைக்கிழங்கு மசாலா அடுப்பிலிருந்து இறங்கும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். தட்டில் பரப்பினால் அது காற்றில் கலந்துவிடும். மிளகாய்க்குள் திணித்தால் எங்கே போகும்? குளிர்ந்த உட்சுவரில் பட்டுத் திரும்பத் தண்ணீராகிறது. அந்தச் சூட்டில் மிளகாயும் அரைவேக்காடாகித் தன் பங்குக்கு நீர் விடுகிறது. இப்போது மசாலாவுக்கும் மிளகாய்ச் சுவருக்கும் நடுவில் ஈரப்படலம். கீறிய வாயிலும் கசிவு. அதைக் கடலை மாவில் தோய்த்தால் மாவு பிடிக்காது, வழுக்கிக்கொண்டு இறங்கும். 175 டிகிரி எண்ணெயில் போட்டதும் உள்ளே தங்கிய நீர் சட்டென்று ஆவியாகி, பலவீனமான இடத்தை, அதாவது கீறிய வாயைத் தள்ளித் திறக்கும். மசாலா கொட்டும். கொட்டிய மசாலாவின் மஞ்சளும் மிளகாய்த்தூளும் கருகி எண்ணெயைக் கறுப்பாக்கும். அடுத்த ஈட்டுப் பஜ்ஜியில் அந்தக் கருகல் துகள்கள் வந்து ஒட்டும். ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு ஈடு அடைத்த மிளகாய், கூடவே கையில் தெறித்த கொப்புளம்.

இதற்குச் செய்யப்படும் வைத்தியம் நோயைவிட மோசம். மாவு நழுவுகிறது என்று இன்னும் கெட்டியாகக் கரைப்பார்கள். அப்போது வெளியே அரை விரல் தடிமனில் வேகாத மாவு, உள்ளே அதே ஈரம். நழுவக் காரணம் மாவின் பதம் இல்லை, உள்ளிருந்து வரும் தண்ணீர்.

மசாலாவை இறக்கியதும் அகலமான எவர்சில்வர் தட்டில் ஒரு விரல் தடிமனுக்குப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கைச்சூட்டுக்கும் கீழே வந்துவிடும். கிண்ணத்தில் குவித்து வைத்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் நடுவில் சூடு இருக்கும். மூடி போடவே கூடாது. மூடியில் திரளும் நீர் சொட்டுச் சொட்டாக மசாலாவிலேயே விழும். அவசரமென்றால் பரப்பிய தட்டோடு பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைக்கலாம், அதுவும் ஆவி அடங்கிய பிறகு.

சூடு ஆறினால் மட்டும் போதாது, மசாலாவே உலர்ந்ததாக இருக்க வேண்டும். பன்னிரண்டு மிளகாய்க்கு கால் கிலோ உருளைக்கிழங்கு. வெட்டி வேகவைத்தால் வெட்டிய முகமெல்லாம் தண்ணீர் குடிக்கும். தோலோடு முழுதாகக் குக்கரில் மூன்று விசில், ஆவி அடங்கியதும் உடனே தண்ணீரை வடித்து, தோலுரித்து, வெறும் வாணலியில் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். கிழங்கின் ஓரம் மாவு பூத்தாற்போல் வெளுக்கும். அதுதான் பதம். வெங்காயத்தைப் பச்சையாகக் கலக்காதீர்கள். உப்புப் பட்ட வெங்காயம் கால் மணியில் நீர் விடும். ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி ஓரம் சிவக்க வதக்கிச் சேருங்கள். புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு வேண்டாம், அரை தேக்கரண்டி மாங்காய்த்தூள் போதும். கொத்தமல்லித் தழையைக் கழுவி நறுக்கி அப்படியே போட்டால் அதிலிருந்தே ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் இறங்கும். துணியில் ஒற்றி எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தளர்வாக இருந்தால் பொட்டுக்கடலை மாவு. 100 கிராம் மசாலாவுக்கு ஒரு மேசைக்கரண்டி. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது என்பதால் பச்சை வாடை வராது. கையருகில் இருக்கிறதே என்று பஜ்ஜிக்கு வைத்த கடலை மாவை உள்ளே கலப்பவர்கள் உண்டு. உள்ளே அது வேகாது, பச்சையாக நாறும்.

சோதனை எளிது. எலுமிச்சை அளவு மசாலாவை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து, விரித்துப் பாருங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் பிசுபிசுக்கக் கூடாது. பிசுபிசுத்தால் அடைக்காதீர்கள், மறுபடி வாணலிக்குப் போகட்டும்.

இலங்கையில் கறிமிளகாய்க்குள் டின்மீனும் உருளைக்கிழங்கும் அடைத்து, முட்டையில் தோய்த்து, பாண் தூளில், அதாவது ரொட்டித் தூளில், புரட்டிப் பொரிப்பார்கள். அங்கேயும் இதே கதைதான். டின்மீனின் சாற்றை ஒட்ட வடித்துவிட்டு மீனை வாணலியில் வறட்டவில்லை என்றால், பாண் தூள் ஊறிச் செதில் செதிலாக உரியும்.

மாவில் நேரே தோய்ப்பது

அடைத்த மிளகாயின் வெளித்தோல் வழவழப்பானது. முதலில் துணியால் துடைத்து, உலர்ந்த அரிசி மாவில் ஒரு புரட்டுப் புரட்டி, கூடுதலைத் தட்டிவிட்டுத் தோயுங்கள். மாவுக்கு அளவு: ஒரு தம்ளர் கடலை மாவு, இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, முக்கால் தம்ளர் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், மாவின் வயதைப் பொறுத்து இரண்டு கரண்டி முன்பின் ஆகும். ஆப்பசோடா இரண்டு விரலால் கிள்ளும் அளவு; மிஞ்சினால் எண்ணெய் குடிக்கும். ஒரு சொட்டு மாவு விட்டால் இரண்டு மூன்று நொடியில் மேலே வரும் சூடு சரி. ஒரு தடவைக்கு நாலு மிளகாய். அதற்கு மேல் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி எல்லாமே எண்ணெயில் ஊறும்.

பிதுங்கப் பிதுங்க அடைப்பது

மிளகாய்க்கு 20 கிராம், அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட. கீறிய உதடுகள் இரண்டும் கிட்டத்தட்டத் தொட வேண்டும்.

உப்பு எப்போது என்று தெரியாமல் போடுவது

குடைமிளகாய், காளான், தக்காளி, வெள்ளரி எல்லாவற்றிலும் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். உப்பு பட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே வரும். அது அடைப்பதற்கு முன்னால் வந்தால் நல்லது, பின்னால் வந்தால் கேடு.

தக்காளியில் முன்னால் வரவைக்கலாம். சின்ன, உறுதியான நாட்டுத் தக்காளியின் தலையைச் சீவி, உள்ளே சுரண்டி எடுத்து, சிட்டிகை உப்பு தடவி, இருபது நிமிடம் தட்டில் கவிழ்த்து வையுங்கள். தட்டில் தேங்கும் நீரைப் பார்த்தால் எதைத் தவிர்த்தோம் என்று புரியும். உட்புறத்தை ஒற்றித் துடைத்துவிட்டு, உதிர்த்த பனீரும் மிளகும் அடைக்கலாம். உறையவைத்த பனீர் என்றால் உதிர்த்தபின் துணியில் கட்டிப் பிழிய வேண்டும்.

வெள்ளரிக்கு நேர் எதிர். மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, அடியில் அரை சென்டிமீட்டர் விட்டுக் குடைந்து, தட்டு கூடத்துக்குப் போகும் நேரத்தில் நிரப்புங்கள். உப்பு தயிர்க் கலவையில் மட்டும், அதுவும் குறைவாக. தயிரைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜில் நாலைந்து மணி நேரம் தொங்கவிட்டால் அரை கிலோ பாதியாக வற்றும். அந்தக் கட்டித் தயிர்தான் கிண்ணத்தில் நிற்கும். நிரப்பி அரை மணி வைத்தால் வெள்ளரி நீர்விட்டுத் தயிர் இளகி, எடுப்பவர் சட்டையில் வழியும்.

காளானைப் பச்சையாக நிரப்பி அடுப்பில் வைப்பது

காளான் குடை சூடானதும் நீரைக் கொட்டும். நிரப்பிய பிறகு கொட்டினால் மேலே இருக்கும் சீஸ் அந்த நீரில் மிதக்கும். காம்பை ஒடித்து எடுத்துவிட்டு, வெறும் குடைகளைக் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் தடவி, குழிப்பக்கம் கீழே இருக்கும்படி ஐந்து நிமிடம் விடுங்கள். நீர் இறங்கிக் கல்லிலேயே சுண்டும். திருப்பிப் போட்டு, பொடியாக நறுக்கி வதக்கிய காம்பு, பூண்டு, மிளகு, துருவிய சீஸ் நிரப்பி இன்னும் நாலு நிமிடம். ஓவனில் 200 டிகிரியில் வெறும் குடை பத்து நிமிடம், நிரப்பியபின் பத்து நிமிடம். மூடி போட்டால் சீஸ் சீக்கிரம் உருகும் என்று மூடுவார்கள். உருகும்தான், காளானும் ரப்பராக அவியும்.

ஹாட்பாக்ஸில் அடுக்குவது

பொரித்ததை மூடி வைத்தால் அரை மணியில் தோல் ஊறிப்போகும். கம்பி வலைமேல் ஒற்றை வரிசையாக வையுங்கள். திரும்பச் சூடாக்க ஏர்ஃபிரையரோ ஓவனோ, 180 டிகிரியில் ஐந்து நிமிடம்.

மைக்ரோவேவ்

மேலே சொன்னதற்கு அது மாற்று இல்லை.

எல்லாவற்றையும் அன்றைக்கே செய்வது

மசாலாவை முந்தின நாள் இரவே செய்து, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைப்பதுதான் சௌகரியம். குளிர்ந்த மசாலா மிளகாய்க்குள் இன்னும் நன்றாக உட்காரும். மிளகாயைக் கீறித் தண்டு எடுத்து, தாளில் சுற்றி டப்பாவில் போட்டு வைக்கலாம். அடைப்பது விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. அடைத்ததை இரவு முழுக்க வைத்தால் மசாலாவின் உப்பு மிளகாயிலிருந்து நீர் இழுத்து, இதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

தேங்காய்த் துருவல் சேர்ந்த மசாலாவுக்கு இந்த வசதி இல்லை, அது அன்றன்றைக்குத்தான். எதுவானாலும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்க விடாதீர்கள், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.

எத்தனை செய்வது

பிறகு சாப்பாடு உண்டென்றால் ஆளுக்கு நாலு, இல்லையென்றால் ஏழெட்டு. எல்லாமே பொரித்ததாக வைக்காதீர்கள். நீங்கள் கடைசிவரை அடுப்படியில்தான் நிற்பீர்கள். ஒன்று பொரித்தது, ஒன்று கல்லில் சுட்டது, ஒன்று வெள்ளரி மாதிரிப் பச்சையாக இருப்பது என்று பிரித்தால் அடுப்பும் ஆளும் தாங்கும். சட்னியைக் காய்மேல் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மசாலா மிஞ்சினால் ஃபிரிட்ஜில் ஏற்றிவிடுங்கள், காலையில் தோசைக்கு உள்ளே வைக்க ஆகும்.