பக்கவாதப் பதிவேடு: கேஸ் ஷீட்டிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது நேரும் பிழைகள்

அதிகம் கெடுப்பது நேரக் கட்டம்தான். "நோய் தொடங்கிய நேரம்" என்று ஒரே கட்டம் வைத்திருப்பார்கள். இரவு 10 மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை 6 மணிக்குக் கை தூக்க முடியாமல் விழிக்கிறார். 8 மணிக்கு மருத்துவமனை சேர்கிறார். கட்டத்தில் 6 என்று பதிந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான 4.5 மணி நேரத்துக்குள் வந்தவராகக் கணினி அவரைச் சேர்த்துவிடும். கடைசியாக நலமாக இருந்ததிலிருந்து கணக்கிட்டால் 10 மணி நேரம் ஓடிவிட்டது. ஆகவே "கடைசியாக நலமாக இருந்த நேரம்", "அறிகுறி கண்ட நேரம்" என இரண்டு கட்டங்கள் வேண்டும். இரண்டிலும் தேதி கட்டாயம், 2024-03-04 என்ற ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். தேதி இல்லாவிட்டால் நள்ளிரவைத் தாண்டிய கேஸ்களில் கழித்தல் குறியோடு விடை வரும்.

அடுத்தது என்ஐஎச்எஸ்எஸ், அதாவது பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் மதிப்பெண். 0 முதல் 42 வரையான கூட்டுத்தொகையை மட்டும் ஏற்றாதீர்கள். 15 உருப்படிகளையும் தனித்தனியே ஏற்றுங்கள். மொத்தம் 8 என்றால் பேச்சு போனதா, கால் போனதா என்று தெரியாது. கால் துண்டிக்கப்பட்டவருக்கு அந்தக் காலின் உருப்படி "சோதிக்க இயலாது". அதை 9 என்று குறித்துவைத்தால், கூட்டும்போது மதிப்பெண் 9 ஏறிவிடும். வெற்றுக் கட்டமோ எக்செல் கூட்டலில் சத்தமில்லாமல் 0 போலவே நடந்துகொள்ளும். சோதிக்காமல் விட்டவர் குறைபாடே இல்லாதவர் ஆகிவிடுவார். 0, சோதிக்க இயலாது, சோதிக்கவில்லை: மூன்றும் வேறு வேறு. இயலாமைக்கான காரணத்துக்கும் ஒரு கட்டம் வையுங்கள்.

நோயாளி அன்றாடம் எந்த அளவுக்கு இயங்குகிறார் என்று 90 நாள் கழித்துப் பார்க்கும் எம்ஆர்எஸ் அளவில் இறப்புக்கு எண் 6. இறந்தவரின் கட்டத்தைக் காலியாக விட்டால் அவர் கணக்கிலிருந்தே விழுந்துவிடுவார். பிழைத்தவர்களை மட்டும் வைத்துச் சிகிச்சை நன்றாக இருப்பதாகத் தோன்றும். இதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

"பக்கம்: வலது" என்று மட்டும் எழுதினால் வலக்கையா, மூளையின் வலப்புறமா? பெரும்பாலும் இவை எதிரெதிர். இரண்டுக்கும் தனிக் கட்டம்.

நரம்பியல் நோய் என்று, நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10இல் ஜி வரிசைக் குறியீடுகளை மட்டும் வடிகட்டினால் தற்காலிகப் பக்கவாதம் (ஜி45) வரும், மூளை ரத்தக்கசிவும் (ஐ61) அடைப்பும் (ஐ63) வராது. அவை ரத்த ஓட்ட நோய்களின் அத்தியாயத்தில் உள்ளன. ஐசிடி-11இல் பக்கவாதம் நரம்பு மண்டல அத்தியாயத்துக்கு மாறிவிட்டது. அதனால் குறியீட்டின் பக்கத்திலேயே பதிப்பு எண்ணும் இருக்க வேண்டும். சிடி ஸ்கேனுக்கு முன் போட்ட ஐ64, அதாவது கசிவா அடைப்பா என்று குறிப்பிடாதது, ஸ்கேன் முடிவுக்குப் பிறகும் அப்படியே நிற்கிறதா என்று டிஸ்சார்ஜ் அன்று ஒருமுறை பாருங்கள்.